பலர் கண்டதை ஒருவர் தொகுக்கும்போது

வானம் ஒன்று, அதனை நோக்கும் கண்களோ பல. ஓர் ஊரில் நின்று பார்ப்பவனுக்கு வானத்தின் ஒரு பகுதியே தென்படும். மற்றப் பகுதியைப் பூமியே மறைத்துவிடுகிறது. தென்படும் பகுதியையும் பகலொளி மறைக்கிறது. எஞ்சியதை மேகம் மறைக்கிறது. ஆகவே வானியல் என்னும் இல்மு, தனியொரு மனிதனால் முடிக்கவியலாத இல்மாகவே தொடக்கம் முதல் இருந்து வந்திருக்கிறது. பல நாட்டார் பல இடங்களில் நின்று கண்டவற்றைச் சேர்த்துவைத்தால்தான் முழுமை கிட்டும். அங்ஙனம் சேர்ப்பதற்கு ஒருவர் முன்னிற்க வேண்டும். அவருக்குரிய தகுதி யாது? மிகப் பெரிய கருவியா? மிகுந்த செல்வமா? கூர்மையான கண்ணா? அன்றி, இவற்றினும் வேறான ஒன்றா?

இவ்வினா வானியலாருக்கு மட்டும் உரியதன்று. பலருடைய உழைப்பு ஒருவர் கையில் ஒப்படைக்கப்படும் இடங்களில் எல்லாம் எழுகின்ற அறவினா இது.

ஹிஜ்ரி 387, அதாவது கி.பி. 997ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் இருந்து அதனை நோக்கியவர் அல்பிரூனி. அப்போது இருபத்தைந்து வயதும் நிரம்பாத இளைஞர். பக்தாதில் இருந்து நோக்கியவர் அபுல் வஃபா. ஐம்பதைக் கடந்த பேரறிஞர். இருவரும் முன்னதாகவே பேசிவைத்துக்கொண்டு, அவரவர் ஊர் நேரத்தைக் குறித்தனர். சந்திரன் நிழலில் புகும் கணம் எல்லா ஊர்க்கும் ஒன்றே. ஊர் நேரமோ வெவ்வேறு. இரண்டு குறிப்புகளுக்கும் இடையே கண்ட ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாட்டிலிருந்து, இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தீர்க்க ரேகை வேறுபாடு பெறப்பட்டது. பக்தாதில் எழுதப்பட்ட குறிப்பு சரிதானா என்று காத் நகரிலிருந்து பார்த்துவிட முடியாது. ஒருவரது நேர்மையின் மீது மற்றவர் வைத்த நம்பிக்கையே அவ்வாய்வின் முதற் கருவியாக இருந்தது.

பிறை காணும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. காழியின் முன் ஒருவர் வந்து, தாம் பிறை கண்டதாகச் சாட்சி கூறுகிறார். காழி தம் கண்ணால் பிறை கண்டிருக்க வேண்டியதில்லை. கூர்மையான பார்வையும் அவருக்கு வேண்டியதில்லை. சாட்சியை நிறுத்துப் பார்க்கும் நீதியுணர்வே வேண்டும். வந்தவர் தமக்கு வேண்டியவரா, வேண்டாதவரா என்பதை அவர் பார்க்கலாகாது. உண்மையுரைப்பவரா என்பதையே பார்க்க வேண்டும். பல வானாய்வுக்கூடங்களை ஒருங்கிணைக்கும் தலைவரின் நிலையும் இத்தகையதே. இதனை விளக்க, டச்சு நாட்டு அறிஞர் ஒருவரின் வாழ்வை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

யாக்கோபஸ் காப்டெய்ன் 1851இல் பிறந்தவர். 1878இல் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியராக அமர்ந்தார். ஆனால் அங்கு வானாய்வுக்கூடம் இல்லை. ஒன்றை அமைத்துத் தருமாறு அவர் விடுத்த வேண்டுகோள்கள் பலன் தரவில்லை. தொலைநோக்கி இல்லாத வானியலார், உழுபடை இல்லாத உழவர் போன்றவரன்றோ! அந்நிலையில் சலித்து அமர்ந்துவிட அவர் ஒருப்படவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் டேவிட் கில் என்னும் அறிஞர், தென்வானத்தை நிழற்படத் தகடுகளில் பதிவு செய்யத் தொடங்கியிருந்தார். தகடுகள் குவிந்தன, அவற்றிலுள்ள விண்மீன்களை அளந்து பட்டியலிட ஆளில்லை. அப்பணியைத் தாம் ஏற்பதாகக் காப்டெய்ன் 1885இல் எழுதினார். உடலியல் பேராசிரியராக இருந்த ஹொய்சிங்கா தம் ஆய்வகத்தில் இரண்டு அறைகளை அவருக்கு விட்டுக்கொடுத்தார். தகட்டை ஒரு பக்கம் நிறுத்தி, படம் எடுத்த தொலைநோக்கியின் குவியத் தொலைவுக்குச் சமமான தொலைவில் நில அளவைக்குப் பயன்படும் தியோடலைட்டு வகைக் கருவியை வைத்து, வானத்தையே பார்ப்பதுபோல் தகட்டைப் பார்த்து அளந்தார். ஆறேழு ஆண்டுகளில் முடியுமென்று எண்ணிய பணி அதனினும் இருமடங்கு காலத்தை விழுங்கியது. 1896 முதல் 1900 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த அப்பட்டியலில் 4,54,875 விண்மீன்கள் இடம்பெற்றன. தென்வானத்தை ஒருவர் படம் பிடித்தார். அதனைக் கண்டிராத மற்றொருவர் வடக்கே அமர்ந்து அளந்தார். இருவர் பெயரும் அதில் நின்றன.

இப்பணியால் அவருக்குக் கிடைத்த செல்வம் ஒன்றே ஒன்று: உலகத்து வானியலாரின் நம்பிக்கை. அதனைக் கொண்டு 1906இல் அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். நாம் வாழும் விண்மீன் மண்டலத்தின் வடிவத்தை அறிய வேண்டுமாயின் எல்லா விண்மீன்களையும் எண்ணவேண்டியதில்லை; வானமெங்கும் சீராகப் பரந்த 206 சிறு பகுதிகளைத் தேர்ந்து, அவற்றை மட்டும் எல்லாக் கூடங்களும் பங்கிட்டு ஆராய்ந்தால் போதும் என்றார்.

இதன் அருமையை உணர, அதற்கு முன் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர வேண்டும். 1887இல் பாரிஸில் கூடிய மாநாடு, வானம் முழுவதையும் நிழற்படமாக்கத் திட்டமிட்டது. ஏறத்தாழ 20 கூடங்கள் வானத்தைப் பங்கிட்டுக்கொண்டன. சுமை பெரிது, சில கூடங்கள் தளர்ந்து விலகின. தென் அமெரிக்காவின் சாந்தியாகோ விட்டுச்சென்ற பகுதியைப் பின்னர் ஏற்று முடித்தது, நவாப் ஸபர் ஜங் தம் பொருளால் தோற்றுவித்து, பின் நிஜாம் அரசின் பொறுப்பில் வந்த ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக்கூடமாகும். அதன் உழைப்பு போற்றுதற்குரியது. எனினும் பாரிஸில் தொடங்கிய அந்த வரைபடம் முற்றுப்பெறவே இல்லை. பிறர் தோளில் ஏற்றும் சுமையை அளந்து ஏற்றுதல் தலைமையின் முதற்கடமை என்பதை இரு திட்டங்களும் சேர்ந்து புலப்படுத்துகின்றன. காப்டெய்ன் கேட்டது ஒவ்வொருவரும் தாங்கக்கூடிய பங்கினை. எனவே அமெரிக்காவின் ஹார்வர்டும் மௌண்ட் வில்சனும் முன்வந்தன. ஜெர்மனியின் கூடங்களும் பங்கேற்றன. மௌண்ட் வில்சனை நிறுவிய ஹேல், 1908இல் அமைந்த தம் 60 அங்குலத் தொலைநோக்கியின் நேரத்தில் பெரும்பங்கை அதற்கென ஒதுக்கினார்.

இந்நிலையில் 1914 வந்தது. உலகப் போர் மூண்டது. பெல்ஜியத்தில் நுழைந்த ஜெர்மன் படை, லூவேன் பல்கலைக்கழகத்தின் நூலகத்தை எரித்தது. அக்டோபர் மாதத்தில் ஜெர்மன் அறிஞர்கள் 93 பேர் கையொப்பமிட்டு, தம் படைமீது சாட்டப்பட்ட குற்றங்களை மறுத்து அறிக்கை விடுத்தனர். தாம் கண்ணால் காணாத ஒன்றுக்கு அறிவுலகத்தின் பெரியோர் சாட்சி சொன்னார்கள். போர் ஓய்ந்ததும் அதன் விளைவு வந்தது. 1919இல் பிரஸ்ஸல்ஸில் சர்வதேச ஆராய்ச்சி மன்றமும், அதனுடன் சர்வதேச வானியல் ஒன்றியமும் நிறுவப்பட்டன. தோற்ற நாடுகளுக்கு அவற்றில் இடமில்லை என்று விதிக்கப்பட்டது. அம்மன்றத்தை உருவாக்கியவர்களுள் காப்டெய்னின் உற்ற நண்பரான ஹேலும் ஒருவர்.

காப்டெய்ன் இதனை எதிர்த்தார். தம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹைமன்ஸுடன் சேர்ந்து, நேச நாட்டு அறிஞர்களுக்கு ஒரு பகிரங்க மடல் விடுத்தார். அறிவுலகில் நிரந்தரப் பிளவை உண்டாக்க வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். அது ஏற்கப்படவில்லை.

இங்குதான் நாம் அவசரப்படாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். விலக்கியவர்களிடம் நியாயமே இல்லையா? உண்டு. நூலகம் எரிந்த ஊரின் அறிஞனிடம் சென்று, எரித்தவரின் புகழ் பாடியவனோடு ஒரே மேசையில் அமர் என்று கூறுவது எளிதன்று. பொய்ச் சாட்சி சொன்னவனை மீண்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றலாகாது என்பதும் ஒரு நீதியே. ஆயினும், 93 பேர் செய்த பிழைக்கு ஒரு நாட்டின் வானியலார் அனைவரும் பொறுப்பாவரோ? ஒருவன் அரசியலில் பொய்யுரைத்தான் என்பதால், அவன் எடுத்த தகட்டில் விண்மீன் இடம் மாறிவிடுமோ? குற்றவாளியைப் பெயர் சொல்லிக் கண்டித்தல் நீதி. குலத்தையே விலக்கி வைத்தல் பழிவாங்கல். முன்னதை மறந்தால் அறிவுலகம் மானமிழக்கும்; பின்னதைச் செய்தால் கண்ணிழக்கும். 206 பகுதிகளில் சில பகுதிகள் பார்ப்பாரின்றிப் போனால், நட்டம் ஜெர்மனிக்கு மட்டுமன்று, மனித குலத்துக்கே. மன்றம் 1926இல் அவ்விலக்கை நீக்கியது. அதைக் காண அவர் இல்லை. 1922 ஜூன் மாதத்தில் மறைந்துவிட்டார்.

மறைவுக்குச் சில வாரங்கள் முன்பு, வாழ்நாள் உழைப்பின் முடிவை அவர் வெளியிட்டார். விண்மீன் மண்டலம் தட்டையான உருவமுடையது; சூரியன் அதன் நடுவினின்று ஏறத்தாழ 2,000 ஒளியாண்டுத் தொலைவில், நடுவுக்கு அண்மையிலேயே உள்ளது என்றார். அது தவறாக முடிந்தது. சூரியன் நடுவினின்று வெகு தொலைவில் உள்ளதென ஷாப்லி 1918இலேயே கூறியிருந்தார். விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசி தொலைவிலுள்ள ஒளியை மங்கச் செய்கிறது என்பதை டிரம்ப்ளர் 1930இல் நிறுவினார். எத்தனை கண்கள் கூடினாலும், எல்லாக் கண்களின் முன்னும் ஒரே தூசிப்படலம் இருந்தால் எல்லாம் சேர்ந்தே பிழை காணும். ஆனால் அவ்வொளி மங்கல் உண்டா என்று பல ஆண்டுகள் தேடியவர்களுள் காப்டெய்னும் ஒருவர். தம் இறுதிக் கட்டுரைக்கு அவர் இட்ட பெயரே ‘முதல் முயற்சி’ என்று தொடங்கும். முடிவு வீழ்ந்தது, அளவைகள் நின்றன. பிறர் திருத்தத்தக்க வகையில் பணியை விட்டுச் செல்வதும் தலைமையின் ஒரு பண்பாகும்.

அவர் விட்டுச்சென்றது அளவைகளை மட்டுமன்று. அவரிடம் பயில வேண்டுமென்றே 1917இல் குரோனிங்கனுக்கு வந்த மாணவர் யான் ஓர்த். உஸ்தாதின் கவலையும் அவரோடு சென்றது. 1940இல் ஜெர்மானியர் டச்சு நாட்டைக் கைப்பற்றி, யூதப் பேராசிரியர்களைப் பதவியினின்று நீக்கினர். அப்போது லைடனில் பணியாற்றிய ஓர்த், பின்னர் தம் பதவியைத் துறந்து ஹுல்ஸ்ஹோர்ஸ்ட் என்னும் சிற்றூரில் போய் வாழ்ந்தார். அநீதி நடந்துகொண்டிருக்கையில் அவர் அதனோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் போர் முடிந்து எட்டே ஆண்டுகளில், 1953இல், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வால்டர் பாடேயுடன் அமர்ந்து, ஐரோப்பிய நாடுகள் கூடித் தென்வானத்தை ஆராய ஒரு கூடம் அமைக்கும் எண்ணத்தை வளர்த்தவரும் அவரே. 1962 அக்டோபர் 5ஆம் நாள் அதற்கான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஒப்பமிட்ட நாடுகள் ஐந்து: பெல்ஜியம், பிரான்சு, மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன். நூலகத்தை இழந்த நாடும் எரித்த நாடும் ஒரே தாளில் ஒப்பமிட்டன. சிலி நாட்டின் லா சில்லா மலையில் அக்கூடம் 1969இல் திறக்கப்பட்டது.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் சேர்த்து எண்ணலாம். 2017 ஏப்ரலில், உலகின் ஆறு இடங்களிலுள்ள எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே இலக்கை நோக்கித் திருப்பப்பட்டன. 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம் 87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவே உள்ள கருந்துளையே அவ்விலக்கு. ஷெப்பர்ட் டோல்மன் அப்போது அம்முயற்சியின் இயக்குநராக இருந்தார். பதிவான தகவல் மிகப் பெரிது. வட்டுகளையே விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. தென்துருவத்தின் வட்டுகள் அங்குள்ள நீண்ட குளிர்காலம் கழியும்வரை காத்திருந்தன. ஆனால் நம் கருத்தைக் கவர்வது பின்னர் நடந்ததாகும். படத்தை உருவாக்கும் பணி நான்கு குழுக்களிடம் தனித்தனியே தரப்பட்டது. ஒரு குழு கண்டதை மற்றொரு குழுவிடம் கூறலாகாது என்று கட்டளை. வளையத்தைக் காண விரும்பும் கண், இல்லாத வளையத்தையும் காணும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஏழு வாரங்கள் கழித்து நால்வர் படங்களையும் ஒருசேர வைத்தபோது நான்கிலும் வளையம் இருந்தது. அதன் பின்னரும் பல சோதனைகளைக் கடந்தே 2019 ஏப்ரல் 10ஆம் நாள் உலகுக்கு வெளியிட்டனர். சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்கும் காழியின் முறையன்றோ இது!

இப்போது நம் வினாவுக்கு விடை கூறலாம். பலர் கண்டதை ஒருவர் தொகுக்கும்போது, அவர் கையில் இருப்பது உடைமையன்று, அமானிதம். பெரிய கருவி அவருக்குத் தேவையில்லை. பிறர் கருவியைத் தமதாக்கிக்கொள்ளாத மனம் தேவை. தாங்கும் அளவறிந்து அவர் சுமை பகிர வேண்டும். தமக்கு மாறான சாட்சியும் தம் முன் வந்து நிற்க வழிவிட வேண்டும். வெறுக்கத்தக்க செயலைக் கண்டிக்கும்போதும், வெறுப்பைச் சட்டமாக்கி அடுத்த தலைமுறையின் தலையில் வைக்காதிருக்க வேண்டும்.

நம் ஊர்களின் மதரஸாக்களும் பொதுநிதிகளும் ஜமாஅத்துகளும் இவ்வாறு பலர் ஒப்படைத்தவற்றால் நடப்பவையே. அவற்றில் முன்னிற்பவர் தம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: எனக்கு வேண்டாதவர் ஓர் உண்மையைக் கொண்டுவந்தால், அதனை என் ஏட்டில் பதிவேனா? தொலைநோக்கி இல்லாத அந்தப் பேராசிரியர் பதிந்திருப்பார்.