ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

பல ஆண்டுகளுக்கு முன், என் பொறுப்பில் இருந்த ஒரு பங்கில், உண்டியல் பணம் குறைவதாகச் சிலர் கூறினர். அன்று மாலையே கோயில்பிள்ளையை வேலையிலிருந்து நீக்கினேன். சாவிக்கொத்தை மேசைமீது வைத்த அவர், "சாமி, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார். அவர் எடுத்தாரா, இல்லையா? இன்றுவரை நான் அறியேன். கேளாததால் அறியேன்.

குற்றம் வெளிப்படையாய் இருக்கும்போது விசாரணை எதற்கு என்கிறோம். தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரம் வேறு பாடம் புகட்டுகிறது. ஏதேன் தோட்டத்தில் நடந்தது அனைத்தும் கடவுளுக்குத் தெரியும். ஆயினும் அவர் முதலில் ஆதாமிடம் கேட்கிறார். பின்னர் ஏவாளிடம் கேட்கிறார். இருவர் சொன்ன சாக்குகளையும் செவிமடுத்த பின்னரே தீர்ப்பு வழங்குகிறார். பாம்பிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. தம் சாயலைத் தாங்கியவர்களிடமே கேட்கிறார்.

எனவே விசாரணை என்பது அறியாததை அறிந்துகொள்ளும் வழி மட்டுமன்று. எதிரே நிற்பவரும் மனிதரே என்று ஏற்றுக்கொள்வதாகும். அவர் குற்றவாளியாகவே இருப்பினும் அந்த மதிப்பு அவருக்கு உரியது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்ட் பென்ட்லி என்னும் அறிஞரை விசாரிக்காமலேயே அவருடைய பட்டங்களைப் பறித்தது. 1723இல் அவ்வழக்கை விசாரித்த இங்கிலாந்து நீதிபதி ஒருவர், ஆதாமுக்கும் பதில் கூற வாய்ப்பளிக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். பட்டங்களைத் திருப்பியளிக்க நீதிமன்றம் ஆணையிட்டது.

நம் நாட்டிலும், எட்டு நாள்களுக்குமேல் வேலைக்கு வரவில்லை என்று விசாரணையின்றி நீக்கப்பட்ட தொழிலாளி ஒருவரை, பாதி ஊதியப் பாக்கியுடன் மீண்டும் சேர்த்துக்கொள்ள 1993இல் உச்சநீதிமன்றம் பணித்தது. பிழைப்பைப் பறிப்பது வாழும் உரிமையையே தொடுவதாகும் என்று அது கண்டது.

நம் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பணிபுரியும் ஆயாவும் சமையற்காரரும் காவலாளியும் நீதிமன்றம் செல்வதில்லை. மௌனமாய் வீடு செல்கின்றனர். ஆகவே கடமை நம்முடையது. குற்றச்சாட்டு இன்னதென்று அவர்களிடம் சொல்வோம். பதில் கூற நாள் கொடுப்போம். குற்றம் சாட்டியவரே தீர்ப்பிடாமல் பார்த்துக்கொள்வோம். "கேட்டால் பொய்தானே சொல்வார்கள்?" எனலாம். ஆதாமும் சாக்குத்தான் சொன்னான். கடவுள் கேட்காமல் விடவில்லை.

ஒப்புரவு அருட்சாதனத்தில் முன்பின் அறியாதோர் பலருக்குச் செவிசாய்த்தவன் நான். நாள்தோறும் எனக்காகக் கோயில் கதவைத் திறந்துவைத்த ஒருவருக்கு ஐந்து நிமிடம் செவிசாய்க்கவில்லை. இறைவன் என்னைக் கேட்கும் நாளில் என்ன பதில் சொல்வேன்?