விடுபட்ட வசனங்களில் ஒரு மேற்பார்வையாளர்



இன்று முதல் வாசகத்தில் ரூத்து நூலின் இரண்டாம் அதிகாரத்தைக் கேட்டோம். முழுதாகக் கேட்கவில்லை. பொதுக்காலம் 20ஆம் வாரச் சனிக்கிழமைக்கான இந்த வாசகம், மூன்றாம் வசனம் முடிந்ததும் நேரே எட்டாம் வசனத்துக்குத் தாவிவிடுகிறது. நேரம் கருதிச் சுருக்கியிருப்பார்கள். ஆனால் இந்தத் திருப்பலி முடிந்ததும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே வேலைக்குப் போகிறவர்கள் உங்களில் பலர். உங்களுக்கு மிகவும் வேண்டியவை அந்த விடுபட்ட நான்கு வசனங்கள்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் இன்று வாசிக்காததைப் பற்றியும் பேசப் போகிறேன்.

இடம் பெத்லகேம். வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நேரம். பஞ்சம் பிழைக்க மோவாபு நாட்டுக்குப் போன நகோமி, அங்கே கணவரையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். கூடவே மருமகள் ரூத்து. அவரும் கைம்பெண்; அதோடு வேற்று நாட்டுக்காரர். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகக் கதிர் பொறுக்கக் கிளம்புகிறார். அறுவடையில் சிந்தியதை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூலில் உள்ள சட்டம். ரூத்து போய்ச் சேர்ந்த வயல் போவாசுக்குச் சொந்தமானது.

இனி விடுபட்ட வசனங்கள். போவாசு ஊருக்குள்ளிருந்து வயலுக்கு வருகிறார். அங்கே முதலில் வாய் திறந்தது யார் தெரியுமா? முதலாளிதான். அறுத்துக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்து, ஆண்டவர் உங்களோடு இருக்கட்டும் என்று வாழ்த்துகிறார். அவர்களும் பதிலுக்கு வாழ்த்துகிறார்கள். பீடத்திலிருந்து குருக்கள் உங்களுக்குச் சொல்கிற அதே வாழ்த்து, அன்று கூலியாட்களுக்கு வயலில் சொல்லப்பட்டது. நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழ். அதிகாரி உள்ளே வந்தால் இருக்கிறவர்கள் எழுந்து குட்மார்னிங் சொல்ல வேண்டும். அவர் போனிலிருந்து கண்ணெடுத்துத் தலையசைத்தால் அதுவே பெரிய விஷயம்.

வாழ்த்து முடிந்ததும் போவாசு ஒரு கேள்வி கேட்கிறார்: அந்தப் பெண் யார் வீட்டுப் பெண்? புதுமுகம் ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவரைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அறுவடை ஆட்களுக்கு மேற்பார்வையாளர். திருவிவிலியம் அவருடைய பெயரைக்கூடச் சொல்லவில்லை. இங்கே இருப்பவர்களில் போவாசைப்போல நிலபுலன் உள்ளவர்கள் சிலர்தான். அந்தப் பெயரில்லாத மனிதரின் இடத்தில் இருப்பவர்களே அதிகம். பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், மருத்துவமனையில் வார்டு சிஸ்டர், கொத்தனாரும் சித்தாளுமாகச் சேர்த்துக்கொண்டு போகிற மேஸ்திரி, அலுவலகத்தில் டீம் லீடர். மேலே ஒருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், கீழே பத்துப் பேரிடம் வேலை வாங்க வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அவர் சொன்ன பதிலைப் பாருங்கள். இவர் நகோமியோடு மோவாபிலிருந்து வந்தவர் என்கிறார். அறுக்கிறவர்கள் பின்னால் பொறுக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வயலில் இறங்கினார் என்கிறார். காலையிலிருந்து நின்றபடியே வேலை செய்கிறார், சற்று நேரம்தான் ஓய்ந்திருந்தார் என்றும் சொல்கிறார். ரூத்து அவருடைய ஆள் அல்ல, கூலிப் பட்டியலிலும் இல்லை. விரட்டிவிட்டிருந்தால் ஏன் என்று கேட்க நாதியில்லை. அப்படிப்பட்ட ஒருவர் எப்போது வந்தார், எப்போது உட்கார்ந்தார் என்பதுவரை அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. மோவாபுக்காரி என்று ஊரைச் சொல்லி அடையாளம் காட்டுவதில் கொஞ்சம் உள்ளூர்ப் புத்தி எட்டிப்பார்க்கிறது, மறைப்பானேன். ஆனாலும் ரூத்தின் உழைப்பில் ஒரு பிடிகூடக் குறைக்காமல் முதலாளி காதில் போட்டுவிட்டார்.

யாரோ ஒரு பரதேசி, போகச் சொல்லிவிடுகிறேன் ஐயா என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாசகத்தின் பிற்பகுதி நான்காம் அதிகாரம்; அதன் கடைசி வரியில் கேட்டோமே, ரூத்து போவாசை மணந்து பெற்ற மகன் ஓபேது, ஓபேதின் மகன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது. நம் ஆண்டவரின் வம்சவழியில் ஒரு சூப்பர்வைசர் நேர்மையாகச் சொன்ன சொல்லுக்கும் இடம் இருக்கிறது. நம்மிடையேயோ, கீழே உள்ளவர் செய்த நல்ல வேலை மேலே போகும்போது நம் பெயரில் போகிறது. தவறு நடந்தால் மட்டும் அவர் பெயர் முதலில் வருகிறது. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, களவு செய்யாதே என்ற கட்டளைக்குக் கீழே இதையும் வைத்துப் பாருங்கள்.

ஒன்பதாம் வசனம் நம் வாசகத்தில் இருந்தது. ரூத்தை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று வேலையாட்களுக்குக் கட்டளையிட்டிருப்பதாகப் போவாசு சொல்கிறார். எதுவும் நடப்பதற்கு முன்பே சொல்கிறார். மற்ற வயல்களின் நிலைமை என்ன என்பது அன்று மாலை நகோமி சொல்வதில் தெரியும்: வேறு வயலுக்குப் போனால் உனக்குத் துன்பம் நேரலாம், அவருடைய பணிப்பெண்களோடேயே இரு என்கிறார். ஒரே ஊர், ஒரே அறுவடைக் காலம், ஆனால் வயலுக்கு வயல் பெண்ணின் பாதுகாப்பு மாறுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பல இடங்களில் அது சுவரில் ஒட்டிய ஒரு தாள் மட்டுமே. இரட்டை அர்த்தத்தில் ஒருவன் பேசும்போது பக்கத்தில் நிற்கிற சூப்பர்வைசர் சேர்ந்து சிரித்தால், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். அந்த இடத்திலேயே, இங்கே இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்கிற ஒருவர் போதும், அடுத்த மேசையில் இருக்கிற பெண் பயமில்லாமல் வேலை பார்ப்பார்.

சாப்பாட்டு வேளையில் போவாசு ரூத்தைக் கூப்பிட்டு அறுப்பவர்கள் பக்கத்தில் உட்காரவைக்கிறார். வறுத்த தானியத்தைத் தாமே எடுத்துக் கொடுக்கிறார். ரூத்து எழுந்து போனதும் ஆட்களிடம், கட்டுகளிலிருந்து சில கதிர்களை உருவி வேண்டுமென்றே விட்டுவையுங்கள், அவரை அதட்டாதீர்கள் என்கிறார். உதவி போகிறது, வாங்குகிறவரின் மானமும் காப்பாற்றப்படுகிறது. நாமோ கண்டிப்பதை வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் பார்க்கச் செய்கிறோம், பாராட்டுவதைத் தனியாகக்கூடச் செய்வதில்லை.

இப்படியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா ஃபாதர் என்று கேட்பீர்கள். இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். வாற்கோதுமை அறுவடை முடிந்து, கோதுமை அறுவடையும் முடியும்வரை ரூத்து அந்த வயலிலேயே இருந்தார். ஆள் கிடைக்கவில்லை, வந்தவர்களும் நிற்பதில்லை என்று புலம்புகிறவர்கள் இதை யோசிக்கலாம். போவாசு இளகிய மனத்தால் வேலையைக் கோட்டைவிட்டவரும் அல்லர். மூன்றாம் அதிகாரத்தில் அவரே களத்தில் வாற்கோதுமை தூற்றுகிறார், இரவில் தானியக் குவியலின் ஓரத்திலேயே படுக்கிறார். இன்றைய நற்செய்தியில் இயேசு கண்டிப்பது இதற்கு நேர்மாறானவர்களை. சுமக்க முடியாத சுமையைக் கட்டி மற்றவர் தோளில் வைப்பார்கள், தாங்கள் ஒரு விரலால்கூட அசைக்க மாட்டார்கள். டார்கெட்டைக் கூட்டிப் பலகையில் எழுதிவிட்டு, மெஷின் நின்றால் நீயே பார்த்துக்கொள் என்று அறைக்குள் போய்விடுகிறவர்களை உங்களுக்கும் தெரியும்.

கேட்டதையெல்லாம் கொடுக்க முடியாது, உண்மைதான். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 31ஆம் அதிகாரம், மடத்தின் பொருள்களைக் கவனிக்கும் சகோதரரைப் பற்றியது. நியாயமில்லாததை ஒருவர் கேட்டால் மனம் நோகப் பேசாமல், காரணம் சொல்லி, பணிவோடு மறுக்க வேண்டும். கொடுக்கக் கையில் எதுவும் இல்லையென்றால் ஒரு நல்ல சொல்லையாவது கொடுக்க வேண்டும் என்கிறார். லீவு கேட்டு உங்கள் முன் நிற்கிறவருக்கு லீவு இல்லாமல் போகலாம். முகத்தைப் பார்த்து, ஏன் இல்லை என்று சொல்ல அரை நிமிடம் ஆகும்.

இன்று சனிக்கிழமை. கட்டட வேலைக்கும் பல கம்பெனிகளுக்கும் வாரக் கூலி நாள். கூலியாளின் கூலியை மறுநாள் விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம். இணைச்சட்டத்தின் 24ஆம் அதிகாரம் பொழுது சாய்வதற்குள் கொடுக்கச் சொல்கிறது, ஏனென்றால் அந்த ஏழை அதை நம்பித்தான் இருக்கிறார். மேலேயிருந்து பணம் வரவில்லை என்றால் அதை மதியமே சொல்லிவிடுங்கள், ஏழு மணிவரை காக்கவைக்காதீர்கள். பணம் வந்திருந்தால், திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று யாரையும் அனுப்பாமல், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று மாலையே முழுக் கூலியையும் கொடுத்துவிடுங்கள்.