வெடிப்பும் அதன் தொடக்கமும்

ஒரு நிகழ்ச்சிக்குப் பொறுப்பாளர் யார் எனக் கேட்குமுன், அந்நிகழ்ச்சி எப்பொழுது தொடங்கியது எனக் கேட்டல் வேண்டும். இவ்வினாவுக்கு ஞாயிற்றின் இயல்பு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1989 மார்ச் 13ஆம் திகதி, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் மின்சாரத்தை இழந்தனர். ஞாயிற்றிலிருந்து வீசப்பட்ட மின்னேற்றத் துணிக்கைகள் புவியின் காந்தப்புலத்தைக் குலைத்தமையே காரணம். ஆயின், அவ்வெடிப்பு நிகழ்ந்த கணமே அதன் தொடக்கமன்று. ஞாயிற்றுக் கரும்புள்ளிகளில் வலிய காந்தப்புலம் உண்டென்பதை 1908இல் ஜோர்ஜ் எல்லரி ஹேல் நிறுவினார். அப்புலக்கோடுகள் வளைவுகளாக மேலெழுந்து மீண்டும் மேற்பரப்பில் இறங்குகின்றன. வாயுவோட்டம் அவற்றின் அடிகளை நகர்த்த, அவை முறுக்கிய கயிறுபோலச் சக்தியைச் சேமிக்கின்றன. எதிரெதிர்த் திசைக்கோடுகள் அறுந்து வேறுவகையாய் இணையுங்கால், நாட்கணக்கில் திரண்ட சக்தி சில நிமிடங்களில் வெளிப்படுகின்றது.

பழனி மலைத்தொடரிலுள்ள கோடைக்கானல் அவதான நிலையத்தில், 1904 முதல் வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் ஞாயிறு படம்பிடிக்கப்பட்டு வந்துள்ளது. கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்ததும் அங்கேதான். அமைதியான நாளையும் பதிவுசெய்தமையே அந்நிலையத்தின் பெருமை எனலாம்.

நமது மலையகத் தோட்டங்களிலும் நாள்தோறும் பதிவு நிகழ்ந்தது. கொழுந்தின் நிறை எழுதப்பட்டது. நிறை குறைந்தவர்க்கு அரைப்பேர் விழுந்தது. மனத்தின் பாரத்தை நிறுப்பதற்குத் தராசு இருக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்துறந்தார். அந்நாளை வரலாறு நினைவுகூர்கின்றது. ஆனால், கடனால் தொழிலாளரைக் கட்டிவைத்து 1921இல் சட்டத்தால் நீக்கப்பட்ட துண்டுமுறையும், குறைந்த கூலியும், லயத்தின் நெருக்கமும் ஆண்டாண்டாய் ஏற்றிய முறுக்கை எந்தச் செக்ரோல் குறித்துவைத்தது?

காரணத்தைப் பின்னோக்கித் தேடினால் எவரும் குற்றவாளியாகார் என்று சிலர் வாதிடலாம். அவ்வாதம் பொருந்தாது. ஞாயிற்றின் வாயுவுக்கு அறிவில்லை; தான் எதனை முறுக்குகின்றது என்பதை அது அறியாது. மனிதனோ அறிவான், அறிய மறுப்பின், அம்மறுப்பும் அவன் செயலே. ஆகவே, சுட்டவனின் பொறுப்பு சிறிதும் குறைவதில்லை. அதற்கு முன்னர் முறுக்கியவர்களும், கண்டும் வாளாவிருந்தவர்களும் அப்பொறுப்பில் பங்குகொள்கின்றனர்.

வெடிப்பு நிகழும் நாழிகையைத் துல்லியமாகக் கூற இன்றைய விஞ்ஞானத்தாலும் இயலவில்லை. எனினும், எப்பகுதி முறுகிநிற்கின்றது என்பதை அது காட்டவல்லது. சமுதாயத்தைக் கற்போரிடமும் அறம் வேண்டுவது இதுவே. தீர்க்கதரிசனம் நமது கடமையன்று; ஆரவாரமற்ற நாள்களிலும் கண்ணைத் திறந்துவைத்திருத்தலே நமது கடமை. வெடித்தபின் வியப்புறுபவன், அதற்கு முன்னர் தான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதற்கு விடைகூறியே ஆகவேண்டும்.