நான்கு சனிக்கிழமைகள்

கையெழுத்தை விற்றதற்காக ஒருவன் தண்டிக்கப்பட்டான். போலிக் கையெழுத்து இல்லை. தன் பெயரைத் தன் கையாலேயே எழுதி, விரும்பிக் கேட்டவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தான். இதில் ஏமாற்றப்பட்டவர் யார் என்று சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் யாருமில்லை என்று தோன்றியது. இப்போது அத்தனை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

டாட் கர்லி 2014ல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியில் ஆடிக்கொண்டிருந்தவன். வயது இருபது. ஆட்டத்துக்குப் பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரிகளின் உடல்களுக்கிடையே புகுந்து ஓடுவதுதான் அதில் பிரதானம். அந்த ஓட்டமே கர்லியின் வேலை. கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவனுக்குத் தரப்படும் ஹைஸ்மன் பரிசுக்கு அந்த வருஷம் அவன் பெயரும் முன்னணியில் அடிபட்டது. அக்டோபர் 9ம் தேதி பல்கலைக்கழகம் அவனைக் காலவரையறையின்றி இடைநீக்கம் செய்தது. 29ம் தேதி தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருஷங்களில் பலரிடமிருந்து 3,000 டாலருக்கு மேல் வாங்கியிருக்கிறான். நான்கு ஆட்டங்கள் ஆடக்கூடாது. 40 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும். பணத்தில் ஒரு பகுதியைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இதைக் கேட்டதும் காஃப்காவைக் கூப்பிடுவது நம்மில் வழக்கம். இங்கே அவர் வேண்டாம். ஜோசப் கே.க்குத் தன் குற்றம் என்னவென்று தெரியாது. கர்லிக்குத் தெரியும். விதி எழுதப்பட்டிருந்தது, அவனுக்கும் சொல்லப்பட்டிருந்தது. பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. அவன் செய்த காரியத்தையே அவனைத் தண்டித்த ஸ்தாபனமும் பெரிய அளவில், கௌரவமாகச் செய்துகொண்டிருந்தது. ஆதன்ஸ் நகரத்தில் அந்த அணியின் மைதானத்தில் 92,000 பேருக்கு மேல் உட்காரலாம். பயிற்சியாளருக்கு வருஷச் சம்பளம் 30 லட்சம் டாலருக்கு மேல். ஆடுகிறவனுக்குப் படிப்பும் உணவும் தங்க இடமும். ஆட்டக்காரனின் எண் பொறித்த சட்டைகள் கடைகளில் தொங்கும். சட்டையில் அவன் பெயர் இருக்காது, எண் மட்டும். பெயர் இல்லாததால் அது அவன் இல்லை என்பது ஐதீகம். இதற்கு முந்தைய வருஷம், 2013 ஆகஸ்டில், ஜே பைலஸ் என்ற வர்ணனையாளர் சங்கத்தின் சொந்த இணையக் கடையில் தேடும் கட்டத்தில் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவனவனுடைய எண் போட்ட சட்டை வந்து நின்றது. கடைக்குத் தெரிந்த உண்மை விதிப் புத்தகத்துக்கு மட்டும் தெரியவில்லை. விஷயம் வெளியானதும் சங்கம் அந்த விற்பனையை நிறுத்திக்கொண்டது. யாரும் இடைநீக்கம் செய்யப்படவில்லை.

'மாணவ விளையாட்டு வீரன்' என்ற சொற்சேர்க்கையைப் பரப்பியவர் வால்டர் பயர்ஸ், 1951 முதல் 1987 வரை அந்தச் சங்கத்தின் நிர்வாகத் தலைவர். ஆட்டத்தில் அடிபட்டு இறந்த ஒருவனின் மனைவி தொழிலாளிக்குரிய நஷ்டஈடு கேட்ட காலம் அது. 1957ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அவளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது; இறந்தவன் தொழிலாளி இல்லையாம். மொழியைக் கவனிக்கிறவர்கள் நாம் என்பதால் சொல்கிறேன், ஒரு பெயரடை இத்தனை பணத்தை மிச்சப்படுத்தியதற்கு வேறு உதாரணம் எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. பயர்ஸே 1995ல் எழுதிய புத்தகத்தில் தான் கட்டியதை எதிர்த்துப் பேசினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விதி அநியாயமாகவே இருக்கட்டும், அதை ஏற்றுக்கொண்டுதானே அவன் உள்ளே வந்தான் என்று கேட்கலாம். இது பழைய கேள்வி. ப்ளேட்டோவின் 'க்ரீட்டோ'வில் தப்பிப் போக மறுக்கும் சாக்ரடீஸ், நகரத்தின் சட்டங்களே வந்து தன்னோடு வாதிடுவதாகக் கற்பனை செய்கிறார். பிடிக்கவில்லையென்றால் போயிருக்கலாமே, எழுபது வருஷம் கதவு திறந்துதானே இருந்தது என்று அவை கேட்கின்றன. அந்த வாதத்தின் பலம் முழுவதும் திறந்த கதவில்தான் இருக்கிறது. கர்லிக்கு அந்தக் கதவு இல்லை. பள்ளியை முடித்து மூன்று வருஷமாகாதவனைத் தொழில்முறைக் கால்பந்து சேர்த்துக்கொள்வதில்லை. அந்த மூன்று வருஷத்தைக் கழிக்க அங்கே கல்லூரியை விட்டால் சொல்லிக்கொள்ளும்படியான இடமில்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மொரீஸ் க்ளாரெட் 2003 பருவம் முழுவதும் இடைநீக்கப்பட்டபோது அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தான். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அணிக்கு தேசிய வாகைப்பட்டத்தை வென்று தந்த கடைசி ஓட்டத்தை ஓடியிருந்தான். 2004 பிப்ரவரியில் ஒரு நீதிமன்றம் கதவைத் திறக்கச் சொன்னது. மே மாதம் மேல்முறையீட்டில் மூடிவிட்டார்கள். 2005ல் டென்வர் அணி அவனைத் தேர்ந்தெடுத்து, பருவம் தொடங்குமுன்பே விலக்கியது. அடுத்த வருஷம் சிறை. இதில் எவ்வளவு அவன் செய்துகொண்டது, எவ்வளவு அந்தக் காலி வருஷம் செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. வேறு வழியில்லாமல் ஓரிடத்தில் இருப்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்தக் காலத்துக்கு வருகிறேன். ஆங்கிலச் சொல்லில் தொங்கவிடுதல் என்ற பொருள் இருக்கிறது. தமிழில் நாம் இடையில் நீக்குவதாகச் சொல்கிறோம். முதல் இருபது நாட்கள் கர்லியின் நிலைமை ஆங்கிலச் சொல்லுக்குப் பொருந்தியது. எத்தனை ஆட்டம் என்று தெரியாது. அளவு தெரியாத தண்டனை, அளவு சொல்லப்பட்டதும் வேறொன்றாகிவிடுகிறது. நான்கு என்று கேட்டதும், அதில் இரண்டு ஏற்கெனவே கழிந்துவிட்டன என்று கணக்குப் போடலாம், நாள்காட்டியைக் கிழிக்கலாம். அதற்குப் பிறகுதான் அது தமிழ்ச் சொல்லாயிற்று.

அணியோடு பயிற்சிக்கு வர அவனுக்கு அனுமதி இருந்தது. எனக்கு இதுதான் மிகக் கடுமையாகப் படுகிறது. வாரத்தில் மற்ற நாட்களில் அதே புல்லில், அதே ஆட்களோடு ஓடலாம். சனிக்கிழமை மட்டும் இல்லை. காம்யு அல்ஜியர்ஸில் கோல்கீப்பராக ஆடியவர். பதினேழு வயதில் க்ஷயரோகம் அவரை ஆட்டத்திலிருந்து பிடுங்கிக்கொண்டது. அது துயரம், சந்தேகமில்லை. ஆனால் நோய் யாரையும் மன்னிப்புக் கேட்கச் சொல்வதில்லை. கர்லிக்கு உடம்பு தயாராக இருக்கிறது, ஆட்டமும் நடந்துகொண்டிருக்கிறது, நடுவில் ஒரு காகிதம். அந்த நான்கு ஆட்டங்களில் ஒன்றுகூட ஆதன்ஸில் நடக்கவில்லை. மிஸௌரியோடு கொலம்பியாவில், ஆர்க்கன்ஸாவோடு லிட்டில் ராக்கில், ஃப்ளோரிடாவோடு ஜாக்ஸன்வில்லில், கென்டக்கியோடு லெக்ஸிங்டனில். அந்த நான்கு சனிக்கிழமைகளிலும் ஊரின் பெரிய மைதானம் காலியாகத்தான் கிடந்தது.

அவன் இடத்தில் நிக் சப் என்ற முதல் வருஷ மாணவன் ஓடினான். மிஸௌரிக்கு எதிராக 38 முறை பந்தை எடுத்து 143 கஜம். அந்தப் பருவம் முடியும்போது அவன் கணக்கில் 1,547 கஜம். ஒருவனுடைய இல்லாமை இன்னொருவனுக்குத் திறப்பாகிறது. இதை அநியாயம் என்று எப்படிச் சொல்வது? சப் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. ஆனால் தான் இல்லாமலும் அணி ஓடுகிறது என்ற அறிவு, தீர்ப்பில் எழுதப்படாத ஐந்தாவது தண்டனை ஆட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான்கில் மூன்றை ஜார்ஜியா வென்றது. ஃப்ளோரிடாவிடம் மட்டும் 38க்கு 20 என்று தோற்றது.

அந்தத் தோல்வியில்தான் என் முதல் எண்ணம் ஆட்டம் கண்டது. கர்லி மன்னிப்புக் கேட்டான், பொறுப்பை ஏற்றுக்கொண்டான். அநியாய விதியை மீறியவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், ஸ்தாபனம் எழுதிக் கொடுத்த வசனம் அது என்றுதான் நினைத்திருந்தேன். அவன் மன்னிப்புக்கு இரண்டு விலாசங்கள் இருந்தன என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒன்று சங்கம், அதற்கு அவன் எதுவும் கடன்பட்டதாக நான் இன்றும் நினைக்கவில்லை. மற்றது, அவனுக்கு வழி விலக்கிக் கொடுப்பதற்காக ஒவ்வொரு ஆட்டத்திலும் தங்கள் உடம்பை முன்னால் போட்டவர்கள். பிடிபட்டால் தான் இல்லாமல் போவோம் என்பது தெரிந்தேதான் அவன் கையெழுத்துப் போட்டான். அவர்களில் பலரும் அவனைப் போலவே சம்பளமில்லாமல் ஆடியவர்கள்; விற்கும்படியான கையெழுத்து அவர்களுக்கு இல்லை. ஸ்தாபனத்தை மீறுகிறவன் பெரும்பாலும் ஸ்தாபனத்தை மட்டுமே மீறுவதாக நம்பிக்கொள்கிறான். விதியின் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்பது அவன் கண்ணில் படுவதில்லை. ஸ்தாபனங்களும் இதை அறிந்தே அவர்களைப் பின்னால் நிறுத்துகின்றனவோ என்னவோ.

2021 ஜூன் 21ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சங்கத்துக்கு எதிராக ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்த தீர்ப்பை அளித்தது. அந்த வழக்கு கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான். ஆனால் காற்று திசைமாறிவிட்டதைச் சங்கம் புரிந்துகொண்டது; பல மாநிலங்கள் சட்டமும் இயற்றியிருந்தன. ஜூலை 1 முதல் ஆட்டக்காரன் தன் பெயரை விற்கலாம் என்றாயிற்று. 2025ல் ஒரு சமரசம் நீதிமன்றத்தில் அங்கீகரிக்கப்பட்டு, பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி வந்தது. கர்லி செய்தது இன்று குற்றமில்லை. அப்படியானால் அன்றும் குற்றமில்லையா? சங்கத்துக்கு எழுதிய மன்னிப்பு ரத்தாகிவிட்டது என்று சொல்வேன். சக ஆட்டக்காரர்களுக்குச் சொன்னதை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை, செய்யவும் முடியாது. அதை வாங்கிக்கொண்டார்களா இல்லையா என்பது அவர்களுக்குள் முடிந்த காரியம்.

கர்லி நவம்பர் 15ம் தேதி திரும்பி வந்தான். சொந்த மைதானம், ஆபர்ன் அணியோடு ஆட்டம். 29 முறை பந்தை எடுத்து 138 கஜம் ஓடினான். ஜார்ஜியா 34க்கு 7 என்று வென்றது. நான்காம் பகுதியில், ஆட்டம் ஏறக்குறைய முடிவாகிவிட்ட நேரத்தில், இடது முழங்காலில் நரம்பிழை அறுந்தது. கல்லூரியில் அவன் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். கதை எழுதுகிறவனுக்கு இந்த முழங்கால் ஒரு சபலம். தண்டனை தொடர்ந்தது என்றும் எழுதலாம், தண்டனை முடிந்ததுதான் கெடுதலாயிற்று என்றும் எழுதலாம். இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. முழங்காலுக்கு விதிப் புத்தகம் தெரியாது. ஆறு மாதம் கழித்து, கால் இன்னும் முழுதாகத் தேறாத நிலையில், செயின்ட் லூயிஸ் அணி அவனைப் பத்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த வருஷமே தொழில்முறை ஆட்டத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரனாகவும் அறிவிக்கப்பட்டான்.

அன்று அவன் கையெழுத்திட்டு விற்ற பொருள்கள் இன்னும் யார் யார் வீட்டு அலமாரிகளிலோ இருக்கும். எழுத்தும் அதேதான், மையும் அதேதான்.