தாத்தாவின் வேலை நாட்கள்

பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அவர் தலைப்பாகை கட்டியிருப்பார். நெற்றியில் திருநீறு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, தோளில் அங்கவஸ்திரம். கீழே ‘தமிழ்த் தாத்தா’ என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் அந்தப் பெயரைப் பாசமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தாத்தா என்ற சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. மனிதரை ஒரேயடியாக முதியவராக்கித் திண்ணையில் உட்கார வைத்துவிடும். நரைத்த தலையோடுதான் பிறந்தார் என்று நினைக்க வைத்துவிடும்.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. கூடத்தில் தாத்தாவின் படத்துக்குப் பூ வைக்கிறோம். அவருடைய வெற்றிலைப் பெட்டி பத்திரமாக இருக்கிறது. முப்பது வயதில் அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன வேலையை எப்படிச் செய்தார், யாரிடம் கடன் கேட்டு நின்றார் என்று கேட்டால் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. உழைத்து ஓய்ந்த ஒருவரிடம் எதை நினைவில் வைத்துக்கொள்வது? ஓய்ந்தபின் இருந்த முகத்தையா, உழைத்த நாட்களையா? பள்ளிச் சுவர்ப் படத்தில் இருக்கும் உ.வே. சாமிநாதையரை வைத்து இதை யோசிக்க ஒரு வசதி இருக்கிறது. தம் வேலை நாட்களை அவரே ‘என் சரித்திரம்’ நூலில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அன்று அவர் யாருக்கும் தாத்தா இல்லை. இருபத்தைந்து வயது இளைஞர். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தியாகராச செட்டியார் விட்டுச்சென்ற இடத்தில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்திருந்தது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த முனிசீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் மலர்ச்சி இல்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். இல்லை.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலடியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து படித்தவருக்கு அது பெரிய அடி. கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சிந்தாமணியை வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய உழைப்பு அந்த அவமானத்திலிருந்து தொடங்கியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நமக்கு ஒன்று தெரியவில்லை என்று இருபத்தைந்து வயதில் ஒப்புக்கொள்வது லேசான காரியம் இல்லை.

ஓலைச்சுவடியை ஒருமுறையாவது கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான், அந்த நூலை அச்சுக்குக் கொண்டுவர அவர் பாடுபட்ட அடுத்த ஏழு வருடங்களின் கனம் புரியும். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். துணைக்காலா, ரகரமா என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசிக்க வேண்டும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு அடையாளம் கிடையாது. எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். பூச்சி அரித்த இடத்தில் ஓட்டை. ஒரு பிரதியில் உள்ள சொல் இன்னொரு பிரதியில் வேறாக இருக்கும். சிந்தாமணியில் மட்டும் 3145 பாட்டுகள். பகலில் கல்லூரிப் பாடம். மிஞ்சிய நேரமெல்லாம் ஏட்டை ஏட்டோடு ஒப்பிடும் வேலை. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் மேற்கோள் காட்டும் வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடப்போனதில், பேர்கூடக் கேட்டறியாத பழைய நூல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின.

நூல் சமணக் காப்பியம்; படிப்பவர் சைவப் பற்றுள்ள ஸ்மார்த்தர். புரியாத இடங்களுக்கு அவர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். ஒருநாள் அப்படிப் போன வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், தரையில் மாக்கோலம். என்ன விசேஷம் என்று கேட்டார். பல மாதங்களாகப் பாராயணமாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று பூர்த்தியாகிறது என்றார்கள். தாம் ஏட்டில் தேடிக்கொண்டிருந்த நூல் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருக்கிறது என்று அறிந்து அவர் நெகிழ்ந்துபோனார். பிறகு மணிமேகலைக்காகப் பௌத்தம் படிக்க வேண்டி வந்தபோது, உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கற்றார். சைவர் ஒருவர் சமண நூலை அச்சிடலாமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. நித்திய பூஜையை விடாத அவர், அதற்காக அச்சு வேலையையும் விடவில்லை. பக்தி என்றால் கதவைச் சாத்திக்கொள்வது என்று நினைக்கிறவர்கள் இந்த மனிதரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

விடுமுறை விட்டால் சென்னைக்கு ரயில். அச்சுக்கூடத்தில் புரூப் திருத்தம். கையில் பணம் போதாமல் முன்பணம் கட்டிக் கையொப்பமிடுகிறவர்களைத் தேடி அலைந்தார்; கடன் வாங்கினார். 1887இல் சீவகசிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இந்தத் துறையில் அவர் தனியாள் இல்லை, யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளையும் அதே காலத்தில் அதே பாடு பட்டார். ஆனால் நூலோடு கதைச்சுருக்கம், அரும்பத அகராதி, மேற்கோள் விளக்கம் என்று சேர்த்து, சாதாரண வாசகனும் உள்ளே நுழைய வழி செய்ததில் ஐயருக்கு இணையாக யாரையும் சொல்ல முடியாது.

ஊர் ஊராகப் போன பயணங்களில் இரண்டை மறக்க முடியாது. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழைய ஓலைகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. சாஸ்திரப்படி செய்ததாம்! அதைக் கேட்டு அவர் பட்ட வேதனை, படிக்கிற நம் நெஞ்சையும் அடைக்கிறது. இன்னொன்று ஆழ்வார்திருநகரி. பத்துப்பாட்டைத் தேடிப் போய், வீடு வீடாகப் பார்த்தும் கிடைக்காமல் சோர்ந்திருந்தார். அன்றிரவு நம்மாழ்வார் வீதியுலா வந்தார். மனமுருக வேண்டிக்கொண்டு நின்றார் ஐயர். சற்று நேரத்தில் உள்ளூர்க் கவிராயர் ஒருவர் ஏட்டுக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலா வெளிச்சத்திலேயே பிரித்தார். ‘முல்லைப்பாட்டு’ என்ற எழுத்துகள் கண்ணில் பட்டன.

அதே பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு என்று ஒன்று. கபிலர் அதில் பூக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கிடைத்த ஏடுகளில் நடுவே மூன்று பூக்களைக் காணவில்லை. நூறு பூவில் மூன்று போனால் என்ன, அந்த இடத்தில் புள்ளி வைத்து அச்சிடலாம் என்று விட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவரால் முடியவில்லை. தருமபுரம் ஆதீனத்தில் அனுமதி பெற்று, சிதைந்த சுவடிகளைப் புரட்டினார். தேமா, மணிச்சிகை, உந்தூழ் மூன்றும் அங்கே கிடைத்தன. இன்று பள்ளி மாணவர்கள் 99 பூ என்று எண்ணிச் சொல்கிறார்களே, அந்த எண்ணிக்கைக்குள் ஒரு மனிதரின் பிடிவாதம் இருக்கிறது.

இவ்வளவு எழுதும்போது ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ‘என் சரித்திரம்’ நூலில் ஆசிரியர் வருகிறார், நண்பர்கள் வருகிறார்கள், ஏடு கொடுத்தவர்களும் மறுத்தவர்களும் வருகிறார்கள். வீட்டுப் பெண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். ராத்திரி அவர் ஏடு பார்த்த விளக்குக்கு எண்ணெய் விட்டது யார், வந்துபோன மாணவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டது யார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நம் தாத்தாக்களின் கதையில் பாட்டிகள் இப்படித்தான் காணாமல் போகிறார்கள்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1919இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது சம்பளத்துக்குத்தான். 1924இல் பெருங்கதை. 1937இல் குறுந்தொகை, அப்போது அவருக்கு வயது 82. சிந்தாமணிக்கும் குறுந்தொகைக்கும் நடுவில் சரியாக ஐம்பது வருடம்.

அவர் குருநாதர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேல் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருந்த மாணவர், 1933, 1934ஆம் ஆண்டுகளில் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக அச்சிட்டார். அதற்குப் பிறகுதான் தம் கதையை எழுத உட்கார்ந்தார். 1940 முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் அது வாராவாரம் வந்தது. உலகப் போரின் குண்டுப் பயத்தில் சென்னை காலியானபோது திருக்கழுக்குன்றம் போனார். 1942 ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். ஆசிரியரின் கதையை முடித்துவிட்டிருந்தார். அவருடைய சொந்தக் கதை 122ஆம் அத்தியாயத்தோடு நின்றுபோயிருக்கிறது.