ஈகையும் சாவிக்கொத்தும்

தொண்டு பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் புறப்பாட்டோடு முடிந்துவிடுகின்றன. ஒருவன் சுகங்களை உதறிவிட்டுத் தூர தேசம் போகிறான், கப்பல் நகர்கிறது, கரையில் நிற்பவர்கள் அழுகிறார்கள். போன இடத்தில் அவன் காலையில் எழுந்து என்ன செய்தான், யார்மீது எரிந்து விழுந்தான், காசு தட்டுப்பட்ட மாதத்தில் யாருடைய சம்பளத்தில் கை வைத்தான் என்பதெல்லாம் நம் ஜீவிய சரித்திரக்காரர்களுக்கு அநாவசியம். ஆனால் தார்மிகப் பிரச்னை என்று ஒன்று இருக்குமானால் அது இந்த அநாவசியங்களில்தான் இருக்கிறது. கருணை கொள்வது ஒரு காரியம். கருணையை மாதாமாதம் நடத்திக்கொண்டு போவது வேறு காரியம். ஆல்பெர்ட் ஷ்வைட்ஸரை முன்வைத்து இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவர் 1875ல் அல்ஸாஸில் பிறந்தவர். ஆர்கன் வாசிப்பவர், பாக் பற்றிப் பெரிய நூல் எழுதியவர், இறையியல் பயிற்றுவித்தவர். முப்பதாவது வயதில் மருத்துவப் படிப்பில் சேர்ந்து, 1913ல் மனைவி ஹெலேனுடன் லாம்பரேனேக்குப் போய்ச் சேர்ந்தார். ஓகோவே நதிக்கரையில் இருக்கும் அந்த இடம் அன்று பிரெஞ்சுக் காலனி, இன்று கபோன் நாட்டைச் சேர்ந்தது. இடம் கொடுத்த பாரிஸ் மிஷன் சங்கத்துக்கு அவருடைய இறையியலின் மேல் சந்தேகம். பிரசங்கம் செய்யமாட்டேன் என்ற வாக்கைப் பெற்றுக்கொண்டுதான் அனுப்பியது. செலவெல்லாம் அவருடையது. கச்சேரி செய்தும் சொற்பொழிவாற்றியும் நண்பர்களிடம் கேட்டும் திரட்டிய பணம். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வைத்திய அறை ஒரு பழைய கோழிக்கூடு.

அவரே எழுதிவைத்த ஆப்பிரிக்கக் குறிப்புகளைப் படிக்கிறபோது, தத்துவத்தை விடக் காலி பாட்டில்கள் அதிகம் பேசப்படுவதைக் காண்கிறோம். அந்த ஈரத்தில் மருந்து கெடாதிருக்க மூடி போட்ட புட்டியோ தகர டப்பாவோ வேண்டும். கொண்டுபோன நோயாளி அதைத் திருப்பித் தருவதில்லை. ஐரோப்பாவிலிருக்கும் நண்பர்களுக்குப் புட்டி அனுப்பச் சொல்லிக் கடிதம் போகிறது. கறையான், மழை, கூரை. நோயாளியோடு குடும்பமே படகில் வந்து இறங்கி, அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்கிறது. முடிந்தவர்கள் வாழைக்காயோ முட்டையோ கோழியோ தரவேண்டும். திடமான உறவினர்கள் காடு வெட்டவேண்டும். சும்மா கிடைப்பதற்கு மதிப்பில்லை என்பது அவர் கட்சி. ஒவ்வொரு நோயாளியின் கழுத்திலும் நாரில் கோத்த ஓர் அட்டை வில்லை. அதில் ஓர் எண். அந்த எண் பதிவேட்டில் இருக்கும்.

இந்த அட்டை வில்லையை நான் அலட்சியமாகத் தாண்ட முடியாது, ஏனெனில் என் பிழைப்பு வங்கிக் கவுண்டரில். முன்பு பித்தளை டோக்கன் கொடுத்தோம், இப்போது காகிதச் சீட்டு. மனிதனை எண்ணாக்குவது அவமானம் என்று நம் கவிஞர்கள் நிறையப் புலம்பியாயிற்று. அது பாதி உண்மைதான். எண் இல்லாத இடத்தில் முகம் வேலை செய்கிறது. முகம் வேலை செய்யும் இடத்தில் தெரிந்தவன் முந்திக்கொள்கிறான். வரிசை என்பது ஏழைக்குக் கிடைத்த சிறிய நியாயம். மறுபாதியும் உண்மை. நவம்பர் மாதத்தில் ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்க வருகிறார்கள். ஆள் எதிரே நின்று இருமிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் சான்று வேண்டும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் எந்த விநோதமும் தெரியாமல் போகிற ஒரு நாள் வருகிறது. தொண்டு நிலையத்தை நடத்துகிறவனுக்கும் அந்த நாள் வரும். அவனுடைய நல்லெண்ணம் அதைத் தடுக்காது.

வள்ளுவரின் அதிகார வைப்பில் ஒரு விஷயம் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. ஈகையை அவர் இல்லறவியலில் வைக்கிறார். அருளுடைமையோ துறவறவியலின் தொடக்கத்தில் வருகிறது. உரைகாரர்கள் இதற்குச் சொல்லும் காரணங்கள் இருக்கட்டும். எனக்குப் பட்டது இது: அருளுக்கு மனம் போதும், ஈகைக்குக் குதிர் வேண்டும். குதிர் என்றால் பூட்டு, பூட்டென்றால் சாவி, சாவியென்றால் அதை இடுப்பில் செருகியிருக்கும் ஓர் ஆள். கொடுக்கிறவன் குடும்பஸ்தன். ஷ்வைட்ஸரை நாம் துறவியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். லாம்பரேனேயில் அவர் நடத்தியது ஒரு பெரிய குடித்தனம். அவர் அதன் எஜமானர்.

தற்செயலாக, அவரும் குறளைப் படித்தவர். இந்தியச் சிந்தனை பற்றி 1935ல் அவர் வெளியிட்ட நூலில், நம் அஹிம்சை பிறர்மீதுள்ள இரக்கத்தில் பிறந்ததல்ல, தன்னை மாசுபடாமல் வைத்துக்கொள்ளும் ஆசையில் பிறந்தது என்று வாதிக்கிறார். குறளில் மட்டும் செயலாகும் அன்பைக் கண்டு மெச்சுகிறார். வாதம் பூராவும் ஒப்புக்கொள்ளத்தக்கதல்ல. ஆனால் அவர் நம்மை எங்கே தொடுகிறார் என்பது புரிகிறது. கையை அழுக்காக்கிக்கொள்ளாத கருணையை அவர் நம்பவில்லை.

அவருடைய கையில் அழுக்கு பட்டது. உயிரின்மீது பயபக்தி என்ற தன் கொள்கையை 1915ல் ஓகோவே நதியில் படகில் போகும்போது கண்டடைந்ததாக எழுதுகிறார். பிறகு, பிடித்துவைத்திருந்தவர்களிடமிருந்து ஒரு மீன்கொத்திப் பருந்துக் குஞ்சை வாங்கிக் காப்பாற்றுகிறார். இனி ஒவ்வொரு நாளும் அதற்காக மீன்கள் சாகவேண்டும். பருந்து பட்டினி கிடப்பதா, மீன்கள் சாவதா? மீன்களைக் கொல்லத் தீர்மானிக்கிறார். கொள்கையால் தனக்கு விடுதலை கிடைக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார். எந்த தர்ம ஸ்தாபனத்தின் கணக்குப் புத்தகத்திலும் இப்படி ஒரு மீன் பத்தி இருக்கிறது. அதை எழுதுகிறவர்கள் குறைவு.

அவருடைய மீன் பத்தியில் நான் ஜோசப்பையும் சேர்க்கிறேன். ஜோசப் அஸோவானி முன்பு சமையற்காரர். ஷ்வைட்ஸருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் வந்தவர். உடலுறுப்புகளுக்குச் சமையற்கட்டுப் பெயர்களைச் சொல்லி, நோயாளியின் தொடைக்கறியில் வலி என்பது போல மொழிபெயர்ப்பார். 1914ல் போர் வந்து பணவரவு நின்றதும், அவருடைய மாதச் சம்பளத்தை 70 பிராங்கிலிருந்து 35 ஆக ஷ்வைட்ஸர் குறைத்தார். இவ்வளவு குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யத் தன் கௌரவம் இடம் தராது என்று சொல்லிவிட்டு ஜோசப் போய்விட்டார். கல்யாணத்துக்காகச் சேர்த்திருந்த உண்டியல் திறக்கப்பட்டுக் கரைந்துபோனதையும் ஷ்வைட்ஸர் குறித்திருக்கிறார். ஐரோப்பியன் தன் வருமானத்தை விட்டு வந்தது தியாகம். ஆப்பிரிக்கன் தன் வருமானத்தை விடமாட்டேன் என்றது கௌரவப் பித்து. ஒரே செயலை இரண்டு பதிவேடுகளில் இரண்டு தலைப்பில் எழுதுகிறோம். தியாகம் செய்ய முடிவெடுத்தவன் ஒருவன். அந்தத் தியாகத்தின் செலவு இன்னொருவன் தலையில் அவனைக் கேளாமலே விழுகிறது. வெளிதேசத் தொண்டின் மையமான சங்கடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆப்பிரிக்கர்களைச் சகோதரர்கள் என்றும் தன்னை அவர்களுக்கு மூத்தவன் என்றும் ஷ்வைட்ஸர் கருதியதைச் சினுவா அச்செபே 1975ல் ஆற்றிய கான்ராட் சொற்பொழிவில் சாடினார். அந்தச் சாடல் நியாயமானது. தமிழனுக்கு இந்த மூத்த சகோதரனைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அப்பா போனபிறகு சாவிக்கொத்தை வைத்திருக்கும் அண்ணனை நமக்குத் தெரியும். அவன் உழைப்பான், தம்பிகளைப் படிக்க வைப்பான், கணக்கு மட்டும் காட்டமாட்டான். ஆனால் நம் வீட்டில் தம்பிக்கு ஒரு சொல் உண்டு: பாகம். லாம்பரேனேயில் தம்பிக்குப் பாகம் கேட்கும் பாத்தியதை கிடையாது. ஜோசப் வெளியேறியது ஒன்றே அங்கு நடக்கக்கூடியதாயிருந்த பாகப்பிரிவினை.

இதனால் வைத்தியம் பொய்யாகிவிடுமா? குடலிறக்கத்தில் துடித்துக்கொண்டு படகில் வந்தவன் கத்திக்குப் பிறகு எழுந்து நடந்தான். எந்த விமர்சனமும் அவனை மறுபடி படுக்க வைக்கமுடியாது. சாவி ஒருவன் கையில் இருந்ததனால்தான் மருந்து கெடாமல் இருந்தது என்றும் வாதிக்கலாம். நான் ஒப்புக்கொள்ளத் தயார். ஆனால் உயிர் பிழைத்தவனின் நன்றியைச் சாவி வைத்திருப்பவனின் நியாயமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. முன்னது பட்டுவாடாவான தொகை, பின்னது இன்னும் தணிக்கையாகாத கணக்கு.

1924ல் ஷ்வைட்ஸர் மறுபடி ஆப்பிரிக்கா போனபோது, உடல்நலம் கெட்டிருந்த ஹெலேனையும் ஐந்து வயது மகள் ரேனாவையும் ஐரோப்பாவில் விட்டுப்போனார். ஜோசப் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார். 1960ல் கபோன் சுதந்திர நாடாயிற்று. 1965ல் தொண்ணூறு வயதில் ஷ்வைட்ஸர் லாம்பரேனேயிலேயே காலமானபோது, மருத்துவமனை நிர்வாகம் ரேனாவிடம் வந்தது. குடித்தனங்களில் அப்படித்தான் நடக்கிறது.