கோபத்தின் கையில் ஆயுதம்



2012 டிசம்பர் 1-ஆம் நாள், அமெரிக்காவின் கன்ஸாஸ் சிட்டி நகரில், அந்நாட்டுக் கால்பந்து வீரர் ஒருவர் தம் மூன்று மாதக் குழந்தையின் தாயை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார். பின்னர் தம்மையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். துப்பாக்கி இல்லாதிருந்தால் இருவரும் பிழைத்திருப்பர் என்றனர் சிலர். கொல்பவன் மனிதனே, கருவி என்ன செய்யும் என்றனர் வேறு சிலர்.

நம் மார்க்கமோ உள்ளம், கருவி இரண்டையுமே அடக்கச் சொல்கிறது. மற்போரில் வீழ்த்துபவனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்று உணர்த்திய நாயகம் (ஸல்) அவர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. உருவிய வாளைக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். அம்புடன் பள்ளிவாசலுக்கு வருபவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளப் பணித்தார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டினால் ஷைத்தான் கையை இழுத்துவிடக்கூடும் என எச்சரித்தார்கள். கேட்டவர்கள் யார்? உத்தம ஸஹாபாக்கள்! அவர்களுக்கே இக்கட்டுப்பாடு என்றால், ஆத்திரக்காரனுக்கு வேண்டாமா என்று நாம் கேட்கிறோம்.

குடும்பத்தாருக்கு ஆபத்தானவர் என நீதிமன்றம் கண்டவரிடம் துப்பாக்கி இருக்கலாகாது என்னும் சட்டம் செல்லும் என்று, 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் எண்மர் அதற்கு இசைந்தனர்.

நம் வீட்டில் துப்பாக்கி இல்லையென்று நிம்மதி கொள்ளலாமா? அரிவாள்மனை உண்டு, மனைவி மீது ஓங்கும் கையும் உண்டு. கோபம் மூண்டால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளட்டும் என்பது நபிவழி. அந்தச் சிறு அவகாசத்தில் கோபம் ஆறிவிடும். போன உயிரோ எந்த தவ்பாவினாலும் திரும்பி வராது.

அல்லாஹ் நம் உள்ளங்களையும் கைகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.